ஐஸ் தட்டில் முளைத்த கொம்பு

எங்கள் வீட்டில் நல்ல தண்ணீர் பேட்டரிக்கு, உப்புத் தண்ணீர் எங்களுக்கு. எண்பதுகளின் நடுவில், தொப்பூர் கணவாய்க்குச் சற்று முன்னால் ரோட்டோரத்தில், அப்பா லாரி பேட்டரிகளுக்குச் சார்ஜ் போடும் கடை வைத்திருந்தார். உப்பேறிய போர்வெல் தண்ணீர் ஊற்றினால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். அதனால் மழை பெய்யும்போது வெட்டவெளியில் நான்கு குச்சி நட்டு, வெள்ளை வேட்டியைக் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போடுவார். அந்த இடத்தில் சொட்டும் தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து வைப்பார். கூரையில் பட்ட தண்ணீர்கூட ஆகாது. பக்கத்திலேயே அதேபோன்ற இன்னொரு ஜாடியில் ஆசிட் இருக்கும். இரண்டையும் நாங்கள் தொடக் கூடாது. நாங்கள் குடித்தது போர் தண்ணீர். என் பற்களில் இன்றும் இருக்கும் பழுப்புக் கோடுகள் அதன் உபயம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு இரண்டு. நான்கு நாளாகக் காய்ச்சல் அவனை விடவில்லை. கம்பவுண்டர் ஊசி போட்டுவிட்டு, நெற்றியில் ஐஸ் வைக்கச் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஃபிரிட்ஜ் இருந்தது எதிரே கூல்டிரிங்ஸ் கடை வைத்திருந்த பாய் வீட்டில் மட்டும்தான். பாயம்மா எங்களுக்கென்றே ஒரு ஐஸ் தட்டை ஒதுக்கிக் கொடுத்தார். சாயங்காலம் போர் தண்ணீர் ஊற்றி வைப்பதும் காலையில் எடுத்து வருவதும் என் வேலை. ஐஸ் சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுப்பாக இருக்கும். நாக்கு வறண்டு கிடந்த தம்பிக்கு ஒரு துண்டு கொடுத்தால் முகத்தைச் சுளித்துத் துப்புவான்.

லாரிக்குக் கொடுக்கிற தண்ணீரில் ஒரு சொம்பு தம்பிக்குக் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அன்று சாயங்காலம் மழை ஜாடியிலிருந்து மொண்டுபோய்த் தட்டில் ஊற்றினேன்.

காலையில் திறந்தால், இரண்டு கட்டிகளின் மேல் கொம்பு முளைத்திருந்தது. என் சுண்டுவிரல் நீளம். கன்றுக்குட்டிக் கொம்புபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண்ணாடியாக மின்னியது. மேலிருந்து எதுவும் சொட்டவில்லை. கீழேயிருந்துதான் எழும்பியிருந்தது.

அடுத்த வருடமே என் படிப்பு நின்றுபோனது. அதன் பிறகு நானும் எந்த ஊரிலும் நின்றதில்லை. ஒரு துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் இறால் பெட்டிக்கு ஐஸ் உடைத்த காலத்தில், அங்கிருந்த மெக்கானிக்கிடம் இதைக் கேட்டேன். தண்ணீர் ஓரத்திலிருந்து உறைந்துகொண்டே வருமாம். கடைசியில் நடுவில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் மிஞ்சும். உள்ளே உறைவது பருத்து, மிச்சத் தண்ணீரை அந்த ஓட்டை வழியாக மேலே தள்ளும். வெளியே வந்த தண்ணீர் ஓட்டையின் விளிம்பிலேயே உறையும், அதன் மேல் இன்னும் கொஞ்சம், அப்படியே குழாயாக வளரும். “ரொம்பச் சுத்தமான தண்ணியா இருந்தாத்தான் வரும். உப்புத் தண்ணியில வராது” என்றார்.

கொம்பைக் கண்ட அந்தக் காலையில் தட்டோடு வீட்டுக்கு ஓடினேன். தம்பி கொம்பைப் பிடித்து வாயில் வைத்தான். துப்பவில்லை. “கொம்பு, கொம்பு” என்று நான் தலையால் முட்டிக் காட்ட, நான்கு நாளைக்குப் பிறகு சிரித்தான். அம்மாவும் சிரித்தாள்.

தட்டை வாங்கிப்போக வந்த பாயம்மா மிச்சமிருந்த கொம்பைப் பார்த்தார்.

“இன்னா புள்ள இது, பேய்க் கொம்பாட்டம்? எங்க வூட்டு ஐஸு ஒருநாளும் இப்பிடி வந்ததில்லியே. இன்னாத்த ஊத்துன?”

“கடை ஜாடித் தண்ணிங்க” என்றேன் பெருமையாக.

அம்மாவின் முகம் மாறியது. ஆசிட் தெறித்து ஓட்டை ஓட்டையான அப்பாவின் வேட்டிகளைத் துவைப்பவள் அவள்.

“எந்த ஜாடிடி? சொல்லுடி, எந்த ஜாடி?”

மழை ஜாடி என்றால் அப்பா தோலை உரிப்பார் என்று பயம். “தெரியலம்மா” என்றேன்.

பாயம்மா ஓடிப்போய் உப்பு அள்ளி வந்தார். விஷம் தின்றவர்களுக்கு எங்கள் பக்கம் அதுதான் முதல் வைத்தியம். அம்மா கரைத்துக் கரைத்து மூன்று டம்ளர் ஊற்றினாள். தம்பி வாந்தி எடுத்தான், எடுக்க ஒன்றுமில்லாத பிறகும் எடுத்தான். கண் மேலே சொருகியது.

கணவாயில் நின்றுபோன லாரிக்கு பேட்டரி மாற்றப் போயிருந்த அப்பா அப்போதுதான் திரும்பினார். விஷயத்தைக் கேட்டுக் கடைக்கு ஓடி இரண்டு ஜாடிகளையும் பார்த்தார். “மழைத் தண்ணிடி அது! ஆசிட்டு அப்பிடியே கெடக்குது!” என்று கத்தினார். அம்மா அதற்குள் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு லாரியில் ஏறியிருந்தாள். அப்பாவும் தொற்றிக்கொண்டார். தர்மபுரி ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாம் நாள், துணியில் சுற்றிய தம்பியோடு இறங்கினார்கள். தூங்குகிறான் என்று நினைத்தேன். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டதாக டாக்டர் சொன்னாராம்.

அதற்குப் பிறகு அம்மா என்னோடு பேசவில்லை. பாயம்மா ரோட்டைத் தாண்டி வரவில்லை. அப்பா மழை ஜாடியை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். தினமும் காலையில் அம்மாவின் எதிரே உட்கார்ந்து ஒரு டம்ளர் குடிப்பார்.

“பாத்துக்க. எனக்கு ஒண்ணும் ஆவல. புள்ளைய எதுக்கு மொறைக்கிற?”

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். எங்களைத் தொடக் கூடாது என்றவர் தான் மட்டும் நல்ல தண்ணீர் குடிக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக இருக்கும். அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீரில் குற்றமில்லை என்றால் மிஞ்சுவது அம்மா ஊற்றிய மூன்று டம்ளர் உப்புத் தண்ணீர்தான் என்பது அவருக்கும் அப்போது தோன்றியிருக்காது.

ஒருநாள் காலை, அப்பா வருவதற்கு முன்பே அம்மா எழுந்துபோய் அந்த ஜாடியிலிருந்து தானே ஒரு டம்ளர் மொண்டாள். நிறுத்தாமல் குடித்தாள். காலி டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வந்த அப்பா அதைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றார்.

நல்ல தண்ணீர் குடிக்க அடுத்தது என் முறை என்று நினைத்தேன். என் டம்ளரைக் கழுவி எடுத்துக்கொண்டு போய், ஜாடிக்குப் பக்கத்தில் நின்றேன்.