திரும்பி வரும் அலை

ஆவடி பக்கம் ஒரு டென்ட் கொட்டகையில் நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். அங்கே படம் ஓட்டிய ஆபரேட்டரின் விரல் நுனிகளில் எப்போதும் கீறல் இருக்கும். ஃபிலிமைச் சுற்றும்போது, எங்காவது கிழிந்திருக்கிறதா என்று ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருப்பார்.

அப்போதைய படங்களில் ஒருவர் பழசை நினைத்தால் திரை தண்ணீர்போல் அலையும். நினைவு முடிந்ததும் மறுபடி அலையும். ஒரு படத்தில் கதாநாயகன் இறந்த மனைவியை நினைப்பான். அதில் முதல் அலையை அப்படியே வைத்துக்கொண்டு, திரும்பி வரும் அலையை மட்டும் ஆபரேட்டர் வெட்டி எடுத்துவிட்டு ஃபிலிமை ஒட்டிவிட்டார். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று மறைந்து, காலி நாற்காலி தெரிந்தது. படம் அறுந்துவிட்டதென்று சனம் விசிலடித்தது.

மறுநாள் காலை, "ஏன் அண்ணாத்தே வெட்டினீங்க?" என்று கேட்டேன். அவர் மனைவி இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"போறப்போ அலையலையாத்தாம்பா போவோம். திரும்பறப்போ அப்டியா கீது? டமால்னு காலி ஊட்ல இட்டாந்து போட்ருது. உனுக்கின்னா, சோறு ஆக்கி வெச்சிகினு ஒருத்தி கீறா."

அப்போது முதலாளி வந்தார். "ஃபிலிம் தானா அறுந்துச்சா, இவன் வெட்டினானா?" என்று என்னைக் கேட்டார். தானாக அறுந்தது என்று நான் சொல்லியிருந்தால் ஆபரேட்டரின் வேலை தப்பியிருக்கும். நான் கையிலிருந்த டிக்கெட்டுகளை எண்ண ஆரம்பித்தேன்.

"நான்தான் வெட்னேன் மொதலாளி" என்று அவரே சொல்லி, சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து வைத்தார். அப்போதே அவரை அனுப்பிவிட்டார்கள்.

புது ஆபரேட்டர் துண்டைப் பழைய இடத்தில் ஒட்டினார். அன்று மாலை அலை ஒழுங்காக வந்தது. முந்தின நாள் திடுக்கிட வைத்த நாற்காலி, அலைக்குப் பின் தெரிந்தபோது எனக்கு வெறும் நாற்காலியாகத்தான் இருந்தது.