சுண்ணாம்புக் கோடு போட்ட ஜல்லி

1980 ஏப்ரல் தொடக்கம், சனிக்கிழமை. காலை 7.10க்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். பாண்டிச்சேரி நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் இரண்டு ரூபாய். முத்தியால்பேட்டையில் என் தங்கை சரோஜாவும் அவள் கணவர் ஏழுமலையும் வாடகை சைக்கிள் கடை நடத்துகிறார்கள். கடையை மூடப் போவதாகச் சரோஜா கடிதம் எழுதியிருந்தாள். அதனால்தான் இந்தப் பயணம்.

பக்கத்து சீட்டில் பாண்டிச்சேரி ரோடு வேலை மேஸ்திரி ஒருவர். வேலை எப்படி என்று கேட்டேன்.

"ஜனவரி எலெக்சனுக்கு முன்னாடி மூச்சு விட நேரமில்ல சார். இப்போ டெல்லியில இடைக்கால பட்ஜெட்டுதான் போட்டிருக்காங்க. சம்பளத்துக்குப் பணம் வருது, ரோட்டுக்கு வரல. முழு பட்ஜெட் வரட்டும்னு ஆபீஸ்ல சொல்றாங்க."

9.30. ரிக்சாக்காரர் கேட்ட கூலி கட்டுப்படியாகாமல் நடந்தே போய்ச் சேர்ந்தேன். கடை வாசலை அடைத்துக்கொண்டு இடுப்பு உயரத்துக்கு ஜல்லி. அளந்த குவியல் என்பதற்கு அடையாளமாக மேலே சுண்ணாம்புக் கோடு. ஒரு கூடை அள்ளினாலும் கோடு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். தேர்தல் தேதியை அறிவித்துவிட்டால் புது வேலை தொடங்கக் கூடாது, தொடங்கியதைத் தொடரலாம். அதனால் அறிவிப்புக்கு முன்பே தெருத்தெருவாக அவசரமாக ஜல்லியைக் கொட்டி, வேலை தொடங்கியதாகக் காட்டியிருக்கிறார்கள். இந்த லோடைக் கெஞ்சிக் கூத்தாடித் தன் வாசலில் இறக்கியவர் சாட்சாத் ஏழுமலைதான். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

"ஆள் வச்சு அள்ளிப் போடுறதுக்கென்ன?" என்றேன்.

"ஐயோ மச்சான், ஜல்லி போச்சுன்னா வேலையே ஆரம்பிக்கலன்னு எழுதிடுவாங்க. ரோடும் போயிடும்."

"ரோடு வந்தா கடைக்கு நல்லதுன்னாரு. இப்போ ரோட்டுக்காகக் கடைய மூடணுமாம்" என்றாள் சரோஜா.

11 மணி. அவளே மண்வெட்டியோடு வந்தாள். "அள்ள வேணாம். நடுவுல வழி விட்டு ரெண்டா பிரிப்போம். கல்லு குறையாது இல்ல?"

ஒரு மணி வரை மூவரும் தள்ளினோம். என் முதுகு கழன்றுவிட்டது. இரண்டு குவியலுக்கும் அவளே சுண்ணாம்பு கரைத்துக் கோடு போட்டாள்.

சைக்கிள்களை வெளியே வரிசையாக நிறுத்தினோம். நாலு மணி வரை ஒருவர்கூட வரவில்லை. தினமும் சைக்கிள் எடுப்பவர்கள் கொத்தனார்களும் சித்தாள்களும். டெல்லிப் பணம் வராமல் வேலை நின்றதால் வீட்டில் இருக்கிறார்கள். அடைத்தது ஜல்லி மட்டும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல.

"மூடிடுவியா?" என்றேன்.

"முழு பட்ஜெட் வரைக்கும் தொறந்துதான் வைப்பேன். அதுக்குள்ள இன்னொரு எலெக்சன் வராம இருக்கணும்ணே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரவு 7 மணி, விழுப்புரம். இங்கே தமிழ்நாட்டில் சட்டசபைத் தேர்தல் அறிவிப்பு எந்த நேரமும் வரலாம் என்று பேச்சு. எங்கள் தெருமுனையில் ஜல்லி லாரி நின்றது. தன் வாசலில் கொட்டச் சொல்லி டிரைவரிடம் தையல்கடைக்காரர் மன்றாடிக்கொண்டிருந்தார். தடுத்தால் கேட்கமாட்டார் என்று தெரியும்.

"நடுவுல வழி விட்டுக் கொட்டச் சொல்லுங்க" என்றேன்.