ஊசி கோக்க ஏலாத அறை

எங்கள் ஊரான மருதமுனையில் ஸம்ஸியாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் அவளுடைய வாயைத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால் கண்ணைச் சொல்வேன். சுனாமிக்கு மறு வருடம் ஒரு நிறுவனம் எங்களுக்கு நாற்பது வீடு கட்டித்தர வந்தது. கட்டுவதற்கு முன்பே அந்த வீட்டுக்குள் கணினித் திரையில் நடந்து பார்க்க வைப்பது அவளுடைய வேலை.

வெறும் படம் அவளுக்குப் போதவில்லை. கடற்கரை வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு மெல்ல மெல்லத் தெரியும். திரையும் அப்படியே செய்ய வேண்டுமென்று மூன்று மாதம் மல்லுக்கட்டினாள். ஒவ்வொரு கணமும் படத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று கணினி அளந்து, கண்மணி விரிவதும் சுருங்குவதும்போல் அதைக் கூட்டிக் குறைக்கும். ஒருவழியாக வந்தது. தலைக்கனமும் கொஞ்சம் கூடவே வந்தது.

தகரக் கொட்டிலில் இருந்து உடுப்புத் தைத்துப் பிழைத்த பாத்தும்மாவுக்கு அந்த வீடுகளில் ஒன்று. தையல் மெசினை வைக்கப்போகும் அறையைத் திரையில் பார்த்ததும் கேட்டார்:

"யன்னல் எல்லாம் றோட்டுப் பக்கம் இரிக்கி. நாங்க சீலை போட்டு மூடித்தானே வைப்பம்?"

ஸம்ஸியா யன்னல்களுக்குத் திரைச்சீலை போட்டாள். அறை இருண்டது. சற்று நேரத்தில் பழையபடி பளிச்சென்று ஆனது.

"கண் பழகிட்டு மாமி," என்றாள் பெருமையாக.

"கண் பழகினா முட்டாம நடக்கலாம் புள்ள. ஊசி கோக்க ஏலுமா? நூல் சிவப்பா கறுப்பா எண்டு தெரியுமா? உன்ட பெட்டி பொய் சொல்லுது."

அவளுக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம் அது. எந்த இருட்டையும் பகலாக்கும்படி கணினியை விட்டிருந்தாள். இப்போது அதற்கொரு எல்லை வைத்தாள். வெளிச்சம் அதற்குக் கீழே போனால் நிறங்கள் மங்கும், நுணுக்கமான கோடுகள் கலங்கும்.

அடுத்த வாரம் நிறுவனத்தின் பொறியியலாளர் கதிர்காமத்தம்பி வந்தார். திரையில் அறை சாம்பல் நிறத்தில் நின்றுவிட்டது.

"படம் இருட்டா இருக்கே தங்கச்சி. கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டுங்க."

"ஒரு பட்டனில கூட்டிரலாம் சேர். கட்டின வீட்டில எந்தப் பட்டனை அமத்துற?"

அவர் வரைபடத்தை விரித்து, வீட்டுக்குப் பின்னால் வளவுப் பக்கம் இரண்டு பெரிய யன்னல்களைப் பென்சிலால் போட்டார். றோட்டில் போகிறவர் கண் படாத பக்கம்; அங்கே யாருக்கும் திரைச்சீலை தேவையில்லை. கூட நின்ற எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது.

யுத்தம் முடிந்த வருடம், ஒரு மத்தியான வெயிலில், சட்டை தைக்கக் கொடுக்க பாத்தும்மாவின் வீட்டுக்குப் போனேன். உள்ளே காலை வைத்ததும் கண் தெரியாமல் வாசலிலேயே நின்றேன். பின்யன்னலோரம் இருந்து குரல் வந்தது.

"நில்லுங்க, கண் பழகட்டும். அதுக்குள்ள நான் ஊசியக் கோத்திருவன்."