ரயில்களுக்குப் பின்னால் வைத்த விவாதம்

ரோஸலின் போய்விட்டாள் என்று அவள் தம்பி அருள் போனில் சொன்னபோது நான் சந்தாபுராவில் காய்கறிக் கடையில் நின்றிருந்தேன். "அக்கா காலைல போயிட்டாங்கக்கா" என்றான். தக்காளிக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பையை அங்கேயே மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். காக்ஸ் டவுனில் அவள் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம், படுபாவி.

அவளை அறிந்த உங்களில் பலருக்கு எங்கள் வேலை என்னவென்று சரியாகத் தெரியாது. டெல்லியில், நாடாளுமன்றச் செயலகத்தில், பெங்களூர்த் தமிழ்ப் பெண்கள் நாங்கள் இருவரும் பக்கத்து மேசைக்காரர்களாக இருந்தோம். மறுநாள் அவையில் எந்த விவாதம் முதலில், எது பிறகு என்று வரைவு எழுதுவோம். முடிவு மேலிடத்துடையது. ஆனால் வரைவு பெரும்பாலும் அப்படியே போகும். போக்குவரத்து விவாதம் என்றால் ஒவ்வொரு உறுப்பினருக்கும் தன் ஊரில் ரயில் நிற்க வேண்டும், பொழுது சாய்ந்தாலும் முடியாது. வெளியுறவு என்றால் அவை நிரம்பும். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்களைப் பற்றிய விவாதத்துக்குத்தான் நாதி கிடையாது.

ஒருமுறை ஒரு உறுப்பினரின் உதவியாளர் மைசூர்பாகு டப்பாவோடு வந்து, தங்கள் விவாதத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றச் சொன்னார். ரோஸலின் டப்பாவைத் திறந்து அறை முழுக்கக் கொடுத்தாள், அவருக்கும் ஒன்று நீட்டினாள். "ஸ்வீட் நல்லாருக்கு சார். வரிசை அப்படியேதான் இருக்கும்" என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

அருள் வளைகுடாவில் மாட்டிக்கொண்டது அதன் பிறகு. முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஊருக்கு விடவில்லை. ஜீவனஹள்ளி வீட்டில் அம்மா படுத்த படுக்கையாக அவனைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தச் சமயத்தில், பாஸ்போர்ட் பறிக்கப்பட்ட தொழிலாளர்களைப் பற்றியே விவாதிக்க ஒரு உறுப்பினர் நோட்டீஸ் கொடுத்தார். அமைச்சர் அவையில் வாய்விட்டு உறுதி சொன்னால் தூதரகம் அசையும் என்று நாங்கள் நம்பினோம். அதற்கு மிச்சமிருந்தது கூட்டத்தொடரின் கடைசி நாள் மட்டும்தான். போக்குவரத்து நோட்டீஸ் முந்தி வந்திருந்தது, வெளியுறவும் அன்றைக்குத்தான். அந்த நாளுக்கு வரைவு எழுதுவது ரோஸலினின் முறை.

போக்குவரத்தை முதலிலும் தொழிலாளர் விவாதத்தைக் கடைசியிலும் எழுதினாள். முந்தி வந்தது முதலில் என்பது வழக்கமே தவிர சட்டமில்லை, அதை அவள் பலமுறை மாற்றியிருக்கிறாள். தொழிலாளர் விவாதத்தை மேலே போடச் சொன்னேன், ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்றும் சொன்னேன்.

"அருள் அங்க இல்லன்னா நானே மேல போட்டிருப்பேன் கமலா" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ பேசிவிட்டேன். உன் நேர்மையை உங்கம்மாவிடம் போய்ச் சொல் என்றுகூடச் சொன்னேன். அவள் வரைவை அப்படியே மேலே அனுப்பினாள். மறுநாள் ரயில்கள் ஓடி முடிய மாலையாயிற்று. வெளியுறவை அவசரமாக முடித்து அவையை ஒத்திவைத்தார்கள். தொழிலாளர் விவாதம் அத்தோடு காலாவதி. அம்மா இறந்து, அடக்கமும் முடிந்த பிறகுதான் அருள் வந்து சேர்ந்தான்.

அடுத்த கூட்டத்தொடரில் அதே பொருளில் வேறொரு நோட்டீஸ் வந்தது. இந்தமுறை அவள் அதை எல்லாவற்றுக்கும் மேலே எழுதினாள். மேலதிகாரி மறுத்தார். ரயில் விவாதத்துக்குப் பிறகு எதுவும் நடப்பதில்லை என்று அவர் அறையிலேயே நின்று வாதாடி ஒப்புக்கொள்ள வைத்தாள். விவாதம் நடந்தது, அமைச்சர் உறுதி சொன்னார். எங்கள் அறை டிவியில் அதைப் பார்த்துவிட்டு முகம் கழுவப் போனவள் வெகுநேரம் திரும்பவில்லை. வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

போன மாதம் காக்ஸ் டவுனில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். படுக்கையில் கால்வாசி ஆளாகிவிட்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் செஞ்சது தப்பா?" என்று கேட்டாள்.

"தப்புதான்" என்றேன். சாகக் கிடப்பவளிடமும் எனக்குப் பொய் வரவில்லை.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை. எல்லாரும் சரின்னுதான் சொல்றாங்க. எங்கம்மாவுக்காகக் கோபப்பட நீ ஒருத்திதான் இருக்கே."

அடக்கத்தின்போது பேசிய எல்லோரும் அவள் நேர்மையைச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன், அத்தனையும் உண்மை. அதை நீங்கள் எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள். அவள்மேல் எனக்கிருக்கும் கோபத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அவள் என்னிடம் கேட்டு வாங்கியது அதைத்தான்.