பிச்சாவரத்தில் வந்த மூன்று அழைப்புகள்

எங்கள் வீட்டில் வெளியூர் போகலாம் என்று பேச்செடுத்தால் முதலில் காலண்டரைப் பார்க்க மாட்டோம். அப்பாவின் ஷிஃப்டைத்தான் பார்ப்போம். அப்பா நெய்வேலி சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஆபரேட்டர். பள்ளத்தில் ஊறுகிற தண்ணீருக்குப் பொங்கலும் தெரியாது, கோடை லீவும் தெரியாது. அதனால் எங்களுக்கும் அவை தெரியாமலே போயின. ஏற்காடு, ஏற்காடு என்று சொல்லியே பத்து கோடைகளுக்கு அப்பா எனக்கும் அம்மாவுக்கும் அல்வா கொடுத்திருக்கிறார். கிளம்புகிற நேரத்தில் ஒரு போன் வரும். அடுத்த ஷிஃப்டுக்கு ஆள் வரவில்லை என்பார்கள். அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். கட்டி வைத்த புளிசாதத்தை நானும் அம்மாவும் குவார்ட்டர்ஸ் ஹாலிலேயே உட்கார்ந்து சாப்பிடுவோம்.

அந்தப் போன்களை வெறுத்தே வளர்ந்தவள் நான். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நான் செய்ததைச் சொல்வதென்றால் இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முந்தைய மே மாதம். படிப்பை முடித்து சென்னையில் வேலையும் கிடைத்து, ஜூனில் போய்ச் சேர வேண்டும். அதற்குள் ஒரு நாளாவது மூவரும் சேர்ந்து பிச்சாவரம் போய்ப் படகில் சுற்றிவிட்டு வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அன்றைக்கு அப்பாவுக்குக் காலை ஆறு மணி ஷிஃப்ட். அப்பா தன்னோடு வேலை பார்க்கும் நண்பரிடம் கேட்டார். எங்கள் ஊரில் ஷிஃப்டை இப்படி மாற்றிக்கொள்வது சகஜம். தன் விடுமுறை நாளில் அவர் அப்பாவின் ஷிஃப்டைப் பார்ப்பார். அடுத்த வாரம் அப்பா அவருடையதைப் பார்ப்பார்.

அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். காடாம்புலியூர்க்காரர். பல வருஷம் கான்ட்ராக்டில் உழைத்து, பிறகு பர்மனென்ட் ஆனவர். எங்கள் பிளாக்கிலேயே இரண்டு தெரு தள்ளி அவர் குவார்ட்டர்ஸ்.

"பாப்பா மெட்ராஸ் போவப்போவுது. நீ இட்டுக்கினு போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்" என்றார். எங்கள் வீட்டு வாசலில் நின்று, என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

வாடகைக் காரில் கிளம்பினோம். வடலூர் தாண்டியதும் ஏசி நின்றுபோனது. சேத்தியாத்தோப்பு வந்தபோதுதான் தண்ணீர் கேனை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. அம்மா அப்பாவைப் பார்த்தார், அப்பா என்னைப் பார்த்தார், நான் டிரைவரைப் பார்த்தேன். புவனகிரியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாற்றும்வரை வெயிலில் நின்று வெள்ளரிப்பிஞ்சு தின்றோம். இத்தனை நடந்தும் யாருக்கும் கோபம் வரவில்லை. அப்பாவின் போன் ஒருமுறைகூட அடிக்காததே எனக்குத் திருவிழாவாக இருந்தது.

படகில் ஏறிய பத்தாவது நிமிடம் என் போன் தண்ணீரில் விழுந்தது. செல்ஃபி எடுக்கக் கையை நீட்டினேன், படகு லேசாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். படகோட்டி துடுப்பால் குத்திப் பார்த்துவிட்டு, "சேறும்மா, இனிமே ஆவாது" என்றார். இருபத்திரண்டு வயதில், லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அப்பா சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினார்.

"போனா போகட்டும். இந்தா, இதுல எடுத்துக்கோ."

சுரபுன்னை மரங்கள் இரண்டு பக்கமும் கவிந்து, படகு ஒரு குறுகலான கால்வாய்க்குள் நுழைந்தது. அம்மா கிளைக்குப் பயந்து குனிந்தார். அப்பா அவர் தலைக்கு மேல் குடையை விரித்துப் பிடித்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் அப்படிச் சேர்ந்து சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தபோது போன் கையில் அதிர்ந்தது. திரையில் 'பி ஷிஃப்ட்' என்று வந்தது. மாமாவை அப்பா அப்படித்தான் பதிந்து வைத்திருந்தார்.

கட் செய்தேன். மறுபடி வந்தது. கட் செய்தேன். மூன்றாவது முறை வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு ஒரு நாள்கூட எங்களை விட மாட்டார்களா? அதையும் கட் செய்து, மூன்றையும் லிஸ்டிலிருந்து அழித்தேன். அப்பா பார்த்தால் திருப்பிக் கூப்பிடுவார், கூப்பிட்டால் கரைக்குத் திரும்பச் சொல்வார்.

"யாரும்மா?" என்றார் அப்பா.

"லோன் வேணுமான்னு கேக்குறாங்கப்பா."

"வேணும்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு அதற்கும் சிரித்தார். அப்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு டவுன்ஷிப்புக்குள் நுழைந்தபோது மாமா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இரண்டு மணிக்கு ஷிஃப்டை முடித்து, அடுத்த ஆள் வந்த பிறகு இடத்தை ஒப்படைத்துவிட்டு, தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். இரண்டு வாய் சாப்பிட்டிருக்கிறார். நெஞ்சைக் கரிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வேலை இடத்தில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்திருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அப்பா அவர் காலடியில் உட்கார்ந்து அழுதார். "ஒரு போன் போட்டிருக்கக் கூடாதாடே? பறந்து வந்திருப்பேனே. என்னைய ஒரு ஆளா நினைச்சு ஒரு போன் போடலயே."

அம்மாவின் பக்கத்தில் நின்று இதைக் கேட்டேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மாமாவின் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், தலைவிரி கோலமாகத் தரையில் கிடந்தார். வாயை மூடிக்கொண்டேன். பயம்தான். வேறு நல்ல பெயர் எதுவும் அதற்கு இல்லை.

வந்தவர் போனவரிடமெல்லாம் அப்பா அதையே சொன்னார். ஒரு போன் போட்டிருக்கலாம், ஒரே ஒரு போன். பதினாறாம் நாள் கருமாதிக்குத் தனியாகப் போய்விட்டு வந்து, குளித்துப் படுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. ஆறிவிட்டது என்று நினைத்து நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். இதை எழுதவே கூசுகிறது.

அத்தை குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு காடாம்புலியூருக்கே போய்விட்டார். போகும்போது எங்கள் வீட்டில் சொல்லவில்லை. எதிரே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "துக்கத்துல இருக்கிறவ, விடு" என்றார் அம்மா.

சென்னைக்கு வந்தேன். புதுப் போன் வாங்கினேன். அந்த மூன்று அழைப்புகள் என்னை விடவில்லை. போன் மேஜைமேல் இருக்கும், என் இடுப்பில் அதிரும். ரயிலில், லிஃப்டில், மீட்டிங்கில், கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. பெரும்பாலும் காலை பதினொரு மணிவாக்கில்தான் வரும், மூன்று முறை அதிர்ந்து நிற்கும். மாமா எதற்காகக் கூப்பிட்டிருப்பார் என்று யோசிப்பேன். டார்ச் லைட்டை எங்கே வைத்தாய் என்று கேட்க இருக்கலாம். கடல் பக்கம் போயிருக்கிறாயே, கருவாடு வாங்கிவா என்று சொல்ல இருக்கலாம். கருவாடு என்றே நம்பப் பார்ப்பேன். கருவாட்டுக்காக ஒரு மனிதர் விடாமல் மூன்று முறை கூப்பிடுவாரா?

இந்த மே மாதம் நான்கு நாள் லீவில் வீட்டுக்குப் போனேன். எங்கேயாவது போகலாம் என்றேன். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார் அப்பா. அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"அன்னைக்குலேர்ந்து எங்க கூப்பிட்டாலும் வர்றதில்ல. குளிக்கப் போனாக்கூட போனக் கொண்டுபோய் ஜன்னல்ல வெச்சுக்கிறாரு."

மறுநாள் நானே பார்த்தேன். குளியலறையில் போன் அடித்தது. முதல் மணி முழுதாக அடிக்கும் முன்பே தண்ணீர்ச் சத்தம் நின்றது. "ஹலோ, சொல்லுங்க" என்ற அப்பாவின் குரலில் அவ்வளவு பதற்றம். பிறகு பொறுமையாக, "வேண்டாம்மா, எனக்கு லோன் எதுவும் தேவையில்ல, நன்றி" என்றார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சினேகிதி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் பண்ருட்டி பஸ் ஏறிக் காடாம்புலியூரில் இறங்கினேன்.

அத்தை வீட்டுக்கு வெளியே கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து முகம் இறுகியது. ஆனாலும் வாசல் தேடி வந்தவளைத் துரத்த மனசு வரவில்லை போலிருக்கிறது. "ஒக்காரு" என்றார்.

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். "அத்தை, அன்னைக்கு மாமா மூணு தடவை போன் பண்ணாங்க. கட் பண்ணது நான்தான். அப்பாவுக்குத் தெரியாது."

அறுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"இன்னா சொல்ற நீ? கருமாதி அன்னிக்கு அவரு போன எடுத்து உங்கப்பாகிட்ட காட்னேன். மூணு வாட்டி போட்டுகிறாரே, ஏன் எடுக்கலன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கினு இருந்தாரு. அப்புறம், நான்தாம்மா கட் பண்ணேன், தொல்லையா இருந்துச்சுன்னு கட் பண்ணிட்டேன்னாரு."

உட்கார்ந்துவிட்டேன். படகில் போன் யார் கையில் இருந்தது என்று அப்பாவுக்குத் தெரியாதா என்ன? அந்த இடத்திலேயே கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டு, அதே மூச்சில் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"மூணு வருசமா காலைல எழுந்து வாசல்ல தண்ணி தெளிக்கும்போது உங்கப்பனத்தான் வையறேன்" என்றார் அத்தை. "நீ வெளங்குவியாடா, உன் வூடு வெளங்குமான்னு. ஒரு நாள் உட்டதில்ல. அத சொன்னாதான் எனக்கு அடுத்த வேல ஓடும். இப்ப வந்து நீ இத சொன்னா நான் இன்னாடி பண்றது?"

"என்னைய வைங்க அத்தை."

அத்தை மிச்சப் பழத்தையும் அறுத்து முடித்து, நாலு சுளையை வாழையிலையில் சுற்றி என் மடியில் போட்டார். "எடுத்துக்கினு போ. உங்கம்மாவுக்குப் புடிக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கடைக்குப் போயிருந்தார். அப்பா என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"அத்தையப் பாத்தேன்பா. சொல்லிட்டேன்."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், கட்டிக்கொள்வார் என்றுகூட நினைத்தேன். அவர் முகம் களைத்துப்போயிருந்தது.

"ஏம்மா சொன்ன? அது என்னோடயே இருந்துட்டுப் போயிருக்கும்லா. அவ வைவான்னு எனக்குத் தெரியும். வையட்டும்னுதான் இருந்தேன்."

நான் அவர் காலருகே உட்கார்ந்து அழுதேன். போன் அவர் கையிலேயே இருந்தது.

லீவு முடிந்து சென்னைக்குத் திரும்பிவிட்டேன். இப்போதெல்லாம் அலாரம் இல்லாமலே விடியற்காலையில் விழிப்பு வந்துவிடுகிறது. காடாம்புலியூரில் அத்தை வாளியோடு வாசலுக்கு வருகிற நேரம் அது. மூன்று வருஷப் பழக்கம், அவர் வாய் அப்பாவின் பக்கமே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்னை வையுங்கள் அத்தை, என்னை மட்டும் வையுங்கள் என்று போர்வைக்குள் கிடந்து தினமும் வேண்டிக்கொள்கிறேன்.