மூடி போட்ட ஊசி

1. தனியாக நின்ற விரல்

காலை ஒன்பதரை மணி. கிளிப்போர்டும் கையுமாக எட்டாம் மாடி வார்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். தொற்றுத் தடுப்பு நர்ஸ் என்றால் பாதி வேலை இதுதான். நோயாளியைத் தொடுமுன் யார் கையைச் சுத்தம் செய்கிறார்கள், யார் செய்யவில்லை என்று பார்த்து டிக் போட வேண்டும். வார்டில் எனக்குப் 'போலீஸ்' என்று பெயர். நான் லிஃப்டை விட்டு இறங்கினாலே ஹேண்ட்ரப் என்கிற கை சுத்தத் திரவப் பாட்டில்களை அழுத்துகிற சத்தம் வரிசையாகக் கேட்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்.

புவனா ஒன்பதாம் கட்டிலுக்குப் போகுமுன் ஹேண்ட்ரப்பை உள்ளங்கையில் வாங்கினாள். திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு சிங்கப்பூரில் எங்களிடம் வந்தவள். வந்து நான்கு மாதம். ஒன்பது விரலும் ஒழுங்காகத் தேய்கின்றன, இடது ஆள்காட்டி விரல் மட்டும் ஒட்டாமல் தனியாக நிற்கிறது. அதில் ஒரு பிளாஸ்டர். ஆல்கஹால் உள்ளே இறங்கியதும் பல்லைக் கடித்தாள்.

"விரல்ல என்ன?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். வெங்காயம் நறுக்கும்போது வெட்டிக்கிச்சு."

"பிளாஸ்டர எடு, பாப்போம்."

எடுத்தாள். கத்தி பட்டால் கீறல் இருக்கும். இங்கே கடுகளவு ஒரு புள்ளி, அவ்வளவுதான். அது ஊசி குத்திய தடம்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். குத்தி எடுத்த ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாது. அப்படியே கட்டில் பக்கத்தில் இருக்கும் மஞ்சள் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். மூடி போடுகிறவர் வலது கையில் ஊசியையும் இடது கையில் மூடியையும் பிடிப்பார். கொஞ்சம் தவறினால் குத்துவது இடது ஆள்காட்டி விரலில்தான். நான் விறுவிறுவென்று மருந்து தள்ளுவண்டிக்குப் போய் அதில் மாட்டியிருந்த மஞ்சள் பெட்டியின் வாய் வழியாக எட்டிப் பார்த்தேன். மேலாகவே நாலைந்து ஊசிகள், சமர்த்தாக மூடி போட்டுக்கொண்டு கிடந்தன.

புவனாவை டிரீட்மென்ட் ரூமுக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். புதியவர்களுக்கான ஓரியன்டேஷன் வகுப்பில் தூங்கினாயா, கண் எங்கே போயிற்று, இத்தனை வருடம் என்ன நர்ஸ் வேலை பார்த்தாய் என்றெல்லாம். அவள் அழுதாள். ஆனால் வெங்காயத்தை விடவில்லை.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. எச்ஐவிக்கான தடுப்பு மருந்தைச் சீக்கிரம் தொடங்க வேண்டும். மணி ஆக ஆகப் பலன் குறையும், மூன்று நாள் தாண்டினால் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. எப்போது குத்தியது, யாருடைய ரத்தம் என்று தெரியாமல் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

கடைசியில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"எனக்கும் குத்தியிருக்கு, புவனா. இருபத்துநாலு வயசுல. நானும் சொல்லல. கல்யாணம் பேசிக்கிட்டு இருந்தாங்க, பயம். சிராங்கூன் ரோடு பக்கத்துல ஒரு கிளினிக்ல திருட்டுத்தனமா டெஸ்ட் எடுத்தேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் அம்மா கலந்த காப்பியக்கூட என் டம்ளர்ல மட்டும்தான் குடிச்சேன். ஒண்ணும் வரல, தப்பிச்சேன். நீயும் தப்பிச்சிருவேன்னு என்னால சொல்ல முடியாதும்மா."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"நேத்து மதியம் ரெண்டு மணி இருக்கும் சிஸ்டர். பதினாலாம் பெட். நரம்பு கிடைக்கல, சிரிஞ்சு போட்டுத்தான் ரத்தம் எடுத்தேன், மூடி போடுறப்ப குத்திருச்சு. சொன்னா வேலை பர்மிட்ட கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு ரூம்ல எல்லாரும் சொன்னாங்க. அடுத்த மாசம்தான் எனக்கு வேலை கன்ஃபர்மேஷன்."

"எந்த மடையன் சொன்னான்?" என்று கத்தினேன். அப்படி யாரையும் அனுப்பியதில்லை. ஆனால் அனுப்பமாட்டோம் என்று நாங்கள் வாயைத் திறந்து சொன்னதும் இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

2. டாக்சி ஸ்டாண்ட்

புவனாவை அவசரப் பிரிவுக்கு அனுப்பிவிட்டுப் பதினான்காம் கட்டிலுக்கு ஓடினேன். கட்டில் காலி. விரிப்பை உருவிக்கொண்டிருந்தார்கள். "டிஸ்சார்ஜ் ஆயிட்டாரு, இப்பத்தான் கீழ போனாங்க" என்றார் வார்டு கிளார்க்.

லிஃப்ட் வரவில்லை. எட்டு மாடியும் படியில் இறங்கினேன். ஐம்பத்தெட்டு வயதில், முட்டி வலியோடு.

அவர் டாக்சி ஸ்டாண்டில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நம் ஆள். பக்கத்தில் மகள், மருந்துப் பையோடு. நான் மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். எங்கள் ஊழியர் ஒருவருக்கு உங்கள் ரத்தம் பட்ட ஊசி குத்திவிட்டது, சில டெஸ்ட் எடுக்க வேண்டும், அதில் எச்ஐவியும் ஒன்று, உங்கள் சம்மதம் வேண்டும்.

அவர் முகம் மாறிவிட்டது.

"என்னம்மா பேசறீங்க? என்னப் பாத்தா அந்த மாதிரி ஆளாவா தெரியுது?"

மகளுக்கு அதைவிடக் கோபம். "ஹலோ, உங்க ஸ்டாஃப் கேர்லெஸ்ஸா இருந்தா அதுக்கு எங்கப்பாவா பலி? டாக்சி வந்துருச்சு லா, நாங்க போறோம்."

டாக்சி நிஜமாகவே வந்து நின்றது. டிரைவர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். எனக்கு அந்தக் கதவைக் காலால் எத்திச் சாத்தலாமா என்று இருந்தது.

"ஐயா, உங்க மேல சந்தேகம் கிடையாது. யாரோட ரத்தமா இருந்தாலும் இதத்தான் கேப்போம். டாக்டரோட ரத்தமா இருந்தாலும் கேப்போம். நீங்க மாட்டேன்னு சொன்னா உங்கள யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. அந்தப் புள்ளதான் ஒண்ணுமே தெரியாம பயந்துக்கிட்டே கிடக்கணும்."

ஊழியர் என்று சொல்ல வேண்டிய இடத்தில் புள்ள என்று வாய் தவறி வந்துவிட்டது. அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"நேத்து நரம்பு கிடைக்கலன்னு மூணு தடவ சாரி சொன்னுச்சே, அந்தப் பொண்ணா?"

"யாருன்னு நான் சொல்லக் கூடாதுங்க."

அவர் டாக்சியை ஒரு முறை பார்த்தார். பிறகு மகளிடம், "டாக்சிய அனுப்பிரு" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

3. ஆறு மாதம்

அவருக்கு எச்ஐவி இல்லை என்று அன்று மாலையே தெரிந்தது. புவனாவுக்குக் காலையில் தொடங்கிய தடுப்பு மருந்தை நிறுத்திவிட்டார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி பயமும் இல்லை, அவள் தடுப்பூசி போட்டிருந்தாள். நான் பெருமூச்சு விட்டு முடிக்கவில்லை, அடுத்த தாள் வந்தது. அவருக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது. எத்தனை வருடமாகவோ இருந்திருக்கிறது, அவருக்கே தெரியாது. அவருக்கு மருந்து தொடங்கினார்கள், அது வேறு கதை. அவர் வரையில் நல்லதுதான்.

புவனாவுக்கு அது நல்லதாக இல்லை. ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியும் கிடையாது, உடனே போட்டுக்கொள்ளும் தடுப்பு மருந்தும் கிடையாது. வந்தால் குணப்படுத்தலாம். வந்ததா என்று தெரியத்தான் ஆறு மாதம் விட்டு விட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஆறு மாதமும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேறு வார்டு ஆடிட்டுக்குப் போனாலும் எட்டாம் மாடியில் ஒரு நடை இறங்கி அவள் முகத்தைப் பார்ப்பேன். கண்ணில் மஞ்சள் தெரிகிறதா, சோர்வாக இருக்கிறாளா. பார்த்ததும் கோபம் வரும். "ஒரு மூடியால வந்த வினை பாத்தியா?" என்று ஆரம்பிப்பேன். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். திண்டுக்கல்லில் அவளுக்கு நாலு வயதில் மகன். லீவு கிடைத்தும் ஊருக்குப் போகவில்லை. குழந்தை ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும், எனக்குப் பயமாக இருக்கிறது என்றாள். கட்டிப்பிடித்தால் ஒட்டாது என்று நான் பத்து முறை சொன்னேன். அவளும் நர்ஸ்தான், அவளுக்கும் தெரியும். நானே ஒரு காலத்தில் தனி டம்ளர் வைத்துக்கொண்டவள், என்ன பேச?

கடைசி ரிசல்ட் வந்த அன்று ஸ்டாஃப் கிளினிக் வாசலில் நானும் நின்றேன். கதவைத் திறந்துகொண்டு வந்தவள் என்னைப் பார்த்ததும், "இல்ல சிஸ்டர், ஒண்ணுமில்ல" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். வார்டு போலீஸ் அழுததைப் பார்த்து அங்கே வரிசையில் இருந்த இரண்டு பேர் பயந்துபோயிருப்பார்கள்.

கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தேன். பயம் விட்டதும் எனக்குப் பழைய கோபம் எட்டிப் பார்த்தது.

"ஏண்டி, நல்லா படிச்ச பொண்ணுதானே நீ? எதுக்கு அந்த மூடியப் போட்டுத் தொலைச்ச?"

அவள் ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள்.

"இத்தன நாளா நீங்க கேக்கவே இல்லையே, சிஸ்டர்."

பிறகு சொன்னாள். அந்த நர்சிங் ஹோமில் ஊசிகளை ஒரு பழைய தண்ணீர் கேனில் போடுவார்கள். கேன் நிறைந்ததும் மாரியம்மா என்று ஒரு அக்கா அதைக் கொல்லைப்புறத்தில் கொட்டி, ஊசி வேறு சிரிஞ்சு வேறாகப் பிரிப்பார். கிளவுஸ் கிடையாது. கேனைக் கழுவித் திரும்ப வைப்பார்.

"வெறுங்கைல பொறுக்குவாங்க சிஸ்டர். மூடி போடலன்னா அவங்களுக்குக் குத்திரும். மூடி போடாத சிஸ்டர எங்க மேட்ரன் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்குவாங்க. ஆறு வருஷம் அப்படியே பழகிருச்சு. இங்கயும் இந்தப் பெட்டிய யாரோ கொட்டிப் பிரிப்பாங்கன்னுதான் நினைச்சேன்."

"இங்க பெட்டியத் திறக்கவே மாட்டாங்க. அப்படியே எரிச்சிருவாங்க."

"அது இப்ப நீங்க சொல்லித்தான் தெரியுது."

நான் டீயைக் கீழே வைத்தேன். ஓரியன்டேஷனில் நான் அரை மணி நேரம் ஊசியைப் பற்றிப் பேசுவேன். மூடாதே, மூடாதே என்று படம் படமாகக் காட்டுவேன். நிறைந்த பெட்டி எங்கே போகிறது என்று ஒரு படம்கூட வைத்ததில்லை. பல நாடுகளிலிருந்து ஆள் எடுக்கிறோம், அவர்கள் எப்படிப்பட்ட ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டதும் இல்லை.

"அந்த அக்காவுக்கு எப்பவாவது குத்தியிருக்கா?" என்றேன்.

"நெறைய தடவ சிஸ்டர். சோப்பு போட்டுக் கழுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருவாங்க. அவங்களுக்கு யாரு ரத்தம் எடுத்துப் பாக்கப் போறாங்க?"

அன்று மாலையே அவளையும் அந்த மாதம் சேர்ந்த ஏழு பேரையும் கீழ்த்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பூட்டு விழுந்த மஞ்சள் பெட்டிகள் திறக்கப்படாமல் அப்படியே வண்டியில் ஏறுவதைக் காட்டினேன். ஓய்வு பெறும் வரைக்கும் புதிதாக வந்த ஒவ்வொருவரையும் முதல் நாளே அங்கே கூட்டிப் போனேன். ஊசி குத்தினால் யார் வேலையும் போகாது என்று என் வாயாலேயே சொன்னேன். பிறகு, உங்கள் ஊரில் இதை எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். எனக்கு அது லேசில் வரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான். திட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்.

கேன்டீனில் பேசிய மறுநாள் காலை புவனாவின் விபத்து அறிக்கையை எடுத்தேன். காரணம் என்ற இடத்தில், ஆறு மாதத்துக்கு முன் என் கையாலேயே 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டுக் கீழே எழுதினேன்: 'குப்பை எடுப்பவருக்குக் குத்தக் கூடாது என்று மூடினார். இங்கே பெட்டியை யாரும் திறப்பதில்லை என்பதை நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை.'