‘நல்ல மழை’ என்ற பொத்தான்

என் இணையதளத்துக்கு ஒரு நாளில் வருகிறவர்களை ஒரே மினிபஸ்ஸில் ஏற்றிவிடலாம். உட்கார இடமும் மிச்சமிருக்கும். கணினிப் பயன்பாட்டியல் முதுகலையில் சேர்ந்த புதிதில், வகுப்பில் கற்றதைச் செய்து பார்க்க ஓர் இடம் வேண்டுமென்று அதைத் தொடங்கினேன். படித்து முடித்த புத்தகங்களுக்கு ஒரு பக்கம். பாதியில் விட்ட புத்தகங்களுக்கு, எந்த இடத்தில் விட்டேன் என்ற குறிப்போடு, இன்னொரு பக்கம். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழை யூனிகோடுக்கு மாற்றித் தரும் பக்கம் ஒன்று. கோவில்பட்டியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைக்காரர்கள் சிலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். காலை ரயிலில் பல்கலைக்கழகம் போகும்போது ஜன்னல் வழியே எடுத்த வானத்தின் படங்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. அதை யாரும் பார்ப்பதில்லை. எடுத்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை.

மழைப் பக்கத்தை மட்டும் வீட்டுக்காகச் செய்தேன்.

எங்களுக்கு இரண்டு இடங்களில் நிலம். ஒன்று, கோவில்பட்டிக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் ஊரில். மற்றொன்று, விளாத்திகுளம் பக்கம் அம்மா பிறந்த ஊரில், அம்மாவின் பங்காக வந்தது. இரண்டுமே மழையை நம்பிய கரிசல் புஞ்சை. மழை பெய்த கையோடு கரிசலில் இறங்க முடியாது. மண் காலைப் பிடித்துக்கொள்ளும். ரொம்பவும் பொறுத்தால் காய்ந்து கட்டி கட்டியாகிவிடும். நடுவில் சில நாட்கள்தான் பதம். அதற்குள் டிராக்டர் பிடித்து விதைத்தாக வேண்டும். முந்தின வருஷம் நாங்கள் அம்மாவின் நிலத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பதம் போய்விட்டது. நிலம் தரிசாகக் கிடந்தது. சீமைக்கருவேலங் கன்றுகள் முளைத்துவிட்டன. இன்னொரு வருஷமும் விட்டால் முள்ளுக்காடாகிவிடும் என்று அம்மா ஒரே ஒரு முறை சொன்னார். அதற்குப் பிறகு சொல்லவில்லை; கிழக்கே மேகம் தெரிந்தால் வாசலுக்கு வந்து நிற்பார், அவ்வளவுதான்.

புரட்டாசி பிறந்துவிட்டால் அப்பா காலையில் போனும் கையுமாக இருப்பார். எங்கள் பக்கத்து மழைக்கு ஊர் ஒழுங்கு கிடையாது. சாலைக்கு இந்தப் புறம் ஓடை ஓடும், அந்தப் புறம் புழுதி பறக்கும். அதனால் கடம்பூர், ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் என்று சொந்தக்காரர்கள் இருக்கும் திசையெல்லாம் கூப்பிட்டு மழை உண்டா என்று விசாரிப்பார். பதில் ஒரு வார்த்தையில் வந்துவிடும். பேச்சு முடிய அரை மணி நேரம் ஆகும். ஒரு வார்த்தைத் தகவலுக்கு அரை மணி நேரம் என்பது அப்போது எனக்குச் சரிசெய்ய வேண்டிய குறையாகத் தெரிந்தது.

வரைபடத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வட்டம் வைத்தேன். இணைப்பைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். காலையில் எழுந்ததும் அவரவர் ஊருக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்: மழை இல்லை, தூறல், நல்ல மழை, கனமழை. அழுத்தியதும் வட்டத்தின் நிறம் மாறும். நான் எதிர்பார்த்ததைவிட ஒழுங்காக எல்லோரும் அழுத்தினார்கள். அப்பா போன் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். டீக்கடையில் யாரோ மழையைப் பற்றிக் கேட்டபோது போனை எடுத்து வரைபடத்தைக் காட்டி, என் மகள் செய்தது என்று சொன்னாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் படிப்பைப் பற்றி அப்பா வெளியில் பேசியதாக நான் கேள்விப்பட்டது அதுவே முதல் முறை.

‘நல்ல மழை’ என்ற பொத்தானை யாருமே அழுத்தவில்லை என்பதைக் கவனித்திருந்தேன். இந்த வருஷம் மழை குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் ரயிலில் திரும்பும்போது கிழக்கே வானம் மைபோல் இருந்தது. மின்னலும் வெட்டியது. மறுநாள் காலை அம்மாவின் ஊருக்கான வட்டத்தில் மாமா ‘தூறல்’ என்று பதிந்திருந்தார். மாமா, அம்மாவின் அண்ணன். அந்த ஊரிலேயே இருப்பவர். சுற்றியுள்ள ஊர்களிலும் தூறல்தான். தூறலுக்கு ஈரம் இறங்காது என்று சொல்லி அப்பா டிராக்டர்காரரை வேறு வேலைக்குப் போகச் சொல்லிவிட்டார். எதற்கும் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றார் அம்மா.

“அவியளே எழுதியிருக்காவ. எழுதுனதுக்கு மேல என்னத்தக் கேக்க?” என்றார் அப்பா.

அந்த வாரக் கடைசியில் மாமாவே கூப்பிட்டார். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

“என்ன மாப்ள, வெதைக்கிற எண்ணம் இருக்கா, இல்லையா? பக்கத்துப் புஞ்சைக்காரன் முந்தாநாளே போட்டு முடிச்சிட்டான்.”

“தூத்தல்னுதான மச்சான் போட்டிருந்தீங்க?”

“பின்ன? நல்ல மழைன்னு போடச் சொல்லுதீங்களா? இப்பத்தான் தொடங்கியிருக்கு. நம்ம வாயால போதும்னு சொல்லி, அது நின்னு போகவா?”

அம்மா போனை வாங்கி, இப்போது ஈரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். பள்ளத்தில் இருக்கும், மேட்டைப் பற்றிச் சொல்ல முடியாது, வெயில் காய்கிறது என்றார் மாமா.

மறுநாள் ஞாயிறு. மூவரும் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். மாமா தன் ஊரிலேயே டிராக்டர் சொல்லி வைத்திருந்தார். அம்மா நிலத்தில் இறங்கி, குனிந்து, நாலைந்து இடங்களில் மண்ணைக் கிளறிப் பார்த்தார். பள்ளத்தில் விரல் நுழைந்தது. மேட்டில் மண் வெடித்துக் கிடந்தது. பள்ளத்துப் பக்கம் உளுந்து விதைத்தார்கள். டிராக்டர் மேட்டுக்குத் திரும்பியபோது அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். விதையைப் புழுதியில் போட வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. என் பக்கம் அவர் திரும்பவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் வரப்பில் மாமாவோடு நின்றேன். அன்று மழை எப்படிப் பெய்தது என்று கேட்டேன். என்ன பெரிய மழை, தூத்தல்தான் என்றார். நான் மேற்கொண்டு எதுவும் கேட்காததால் அவராகவே தொடர்ந்தார். பைக்கை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்தாராம். செருப்பில் மண் அப்பி அப்பி ஆளே ஒரு சாண் உயர்ந்துவிட்டாராம். அத்தையின் ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. அதற்கும் ஏச்சு இவருக்குத்தான். ஆடுகளை வெளியே விட முடியவில்லை. ஓடையைத் தாண்ட முடியாமல் பால்காரர் அக்கரையிலிருந்தே திரும்பிவிட்டார்.

“ஓடை ஓடுச்சா மாமா?”

“ஓடத்தான் செஞ்சுது. அதுக்காக மழைன்னு சொல்லிர முடியுமா மருமவளே?”

திரும்பும் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். மாமா பொய் சொல்லவில்லை. பரீட்சை எப்படி என்று யாராவது கேட்டால் நானும் ஏதோ எழுதியிருக்கிறேன் என்றுதான் சொல்கிறேன். வகுப்பில் முதலாவதாக வந்தபோதும் பக்கத்து வீட்டில் பாஸ் என்றுதான் சொன்னேன். நல்லதை நல்லது என்று சொல்லிவிட்டால் அது நம்மைவிட்டுப் போய்விடும் என்ற பயம் எனக்குள்ளும் இருக்கிறது. கஷ்டத்தைச் சொல்ல மட்டும் எங்களுக்குத் தயக்கமே கிடையாது. அதை உள்ளது உள்ளபடி சொல்வோம்.

அப்பாவின் போன் பேச்சும் நினைவுக்கு வந்தது. மழை உண்டா என்பதற்கு வந்த முதல் பதிலை அவர் ஒருபோதும் பொருட்படுத்தியதில்லை. ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எதிர்முனையில் இருப்பவர் செருப்பையும் ஆட்டையும் சொல்லிப் புலம்பி முடிப்பதற்குள் அப்பா முடிவுக்கு வந்திருப்பார். அப்படித்தான் செய்கிறோம் என்று அவருக்கே தெரியாது. அந்த அரை மணி நேரத்தைத்தான் நான் வெட்டி எறிந்துவிட்டு, முதல் பதிலை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன். அது எழுத்தாக வந்ததால் அவரும் நம்பிவிட்டார்.

அந்த வாரமே மழை பற்றிய கேள்வியை எடுத்துவிட்டேன். அதன் இடத்தில் ‘இன்று என்ன தொந்தரவு?’ என்று கேட்டு, ஐந்து பொத்தான்கள் வைத்தேன்: ஒன்றுமில்லை. கொடியில் கிடந்த துணி நனைந்துவிட்டது. செருப்பில் மண் ஒட்டுகிறது. புஞ்சைக்கு வண்டி போகவில்லை. ஓடையைத் தாண்ட முடியவில்லை. கீழே, வேறு ஏதும் சொல்ல விரும்பினால் எழுத ஒரு கட்டம். வகுப்பில் இதைக் காட்டியபோது தோழிகள் சிரித்தார்கள். மில்லிமீட்டர் எங்கே என்று ஒருத்தி கேட்டாள். எங்கள் ஊரில் அது செருப்பில் இருக்கிறது என்றேன்.

ஐப்பசியில் ஒரு காலை, அம்மாவின் ஊருக்கான வட்டம் ‘புஞ்சைக்கு வண்டி போகவில்லை’ என்று நிறம் மாறியிருந்தது. கீழே கட்டத்தில் மாமா எழுதியிருந்தார்: ‘தூத்தல்தான்.’ அப்பா அதைப் படித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று மாமாவுக்கு ஒரு போனும் போட்டார். அரை மணி நேரம் பேசினார். பிறகு டிராக்டர்காரரைக் கூப்பிட்டார். மூன்று நாள் கழித்து, சரியான பதத்தில், மேட்டிலும் உளுந்து விழுந்தது.

கார்த்திகையில் அம்மாவோடு போய்ப் பார்த்தேன். பள்ளத்தில் செடி முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. மேட்டில் அப்போதுதான் தரையை மூடத் தொடங்கியிருந்தது. ஒரே நிலத்தில் இரண்டு பச்சை. கருவேலங்கன்று எங்கும் தெரியவில்லை. பக்கத்துப் புஞ்சையிலிருந்து ஒரு அம்மாள் வரப்புக்கு வந்து, வெள்ளாமை எப்படி என்று விசாரித்தார். அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிலத்தை ஒரு முறை பார்த்தார்.

“ஏதோ மொளச்சிருக்கு மதினி. களையெடுக்கத்தான் ஆளு கெடைக்க மாட்டேங்கு. குனிஞ்சு குனிஞ்சு எனக்கு இடுப்பே போச்சு.”